டர்போ கார்: ஸ்டார்ட் செய்ததும் கிளம்பலாமா? மலை ஏறியதும் ஆஃப் செய்யலாமா? ஓடைப்பட்டி முதல் மேகமலை வரை... முழு விளக்கம்

தேனி மாவட்டத்தில் புது கார் எடுப்பவர்களுக்கு ஷோரூமில் கிடைக்கும் அறிவுரை ஒன்று, ஊரில் கிடைக்கும் அறிவுரை வேறொன்று. "இது டர்போ வண்டி, காலையில அஞ்சு நிமிஷம் ரன்னிங்ல விட்டுட்டுத்தான் எடுக்கணும்" என்பார் ஒருவர். "அதெல்லாம் அந்தக் காலம், பட்டனை அழுத்து, போயிட்டே இரு" என்பார் இன்னொருவர். நிறுத்தும்போதும் இதே குழப்பம். உடனே ஆஃப் செய்யலாமா, கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டுமா?

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பது கார் மாடலைவிட, கடைசியாக ஓட்டிய சில கிலோமீட்டர் எப்படிப்பட்ட ரோடு என்பதைப் பொறுத்தது. ஒரு பக்கம் சமவெளி, மூன்று பக்கம் மலை என்று இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் இந்த வித்தியாசம் பெரிது.

சுருக்கமாகச் சொன்னால்:

• காலையில் 10 முதல் 30 விநாடி போதும். அதன்பிறகு முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்ட வேண்டும்.
• மலை ஏறி முடித்த உடனே ஆஃப் செய்யக் கூடாது. ஒன்று முதல் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள்.
• மலை இறங்கி வந்தபிறகு காத்திருக்கத் தேவையே இல்லை.

ஏன் என்று விரிவாகப் பார்க்கலாம்.

இந்தக் கேள்வி இப்போது ஏன் முக்கியம்?

பத்து, பதினைந்து வருடங்களுக்கு முன் சாதாரண குடும்பத்தின் பெட்ரோல் காரில் டர்போ இருக்காது. டீசல் வண்டிகளில்தான் இருக்கும். இப்போது நிலைமை மாறிவிட்டது. டாடா நெக்ஸான், ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட், மாருதி ஃப்ரான்க்ஸ், மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, நிசான் மேக்னைட், ஸ்கோடா கைலாக் என்று ரோட்டில் அடிக்கடி பார்க்கும் சின்ன எஸ்யூவிகளில் 1 லிட்டர் அல்லது 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் கிடைக்கிறது.

இதற்கு வரியும் ஒரு முக்கியக் காரணம். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் இருந்தால் அது 'சின்ன கார்'. டீசலுக்கு 1,500 சிசி வரை அனுமதி. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். இன்ஜினைப் பெரிதாக்கினால் வரி எகிறும், சின்ன இன்ஜினில் பெரிய இழுவை வேண்டும் என்றால் கம்பெனிகளுக்கு எளிய வழி டர்போ.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 புகை விதிகள் வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. டீசலின் இழுவைக்குப் பழகியவர்கள் பலர் டர்போ பெட்ரோல் பக்கம் வந்தார்கள். ஆக, டர்போ ஓட்டிப் பழக்கமே இல்லாத பல குடும்பங்களின் கைக்கு, மாதத் தவணையோடு சேர்ந்து, டர்போ வண்டி வந்திருக்கிறது.

டர்போ என்ன செய்கிறது?

இன்ஜினில் எரிந்து வெளியேறும் புகைக்கு வேகமும் சூடும் அதிகம். சாதாரண இன்ஜினில் அது சைலன்சர் வழியாக வீணாகப் போகிறது. டர்போவில் அந்தப் புகை ஒரு சின்ன சக்கரத்தைச் சுற்றவைக்கும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் எரிபொருளையும் கூடுதலாக எரிக்கலாம். சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் போல இழுக்கும். சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905லேயே காப்புரிமை பெற்ற யோசனை இது.

இதில் இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

ஒன்று, வேகம். காரின் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றினாலே அலறும். முழு வேலை செய்யும் சின்ன டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளைத் தாண்டும்.

இரண்டு, சூடு. பெட்ரோல் இன்ஜின் முழு பாரத்தில் இழுக்கும்போது டர்போவுக்குள் நுழையும் புகை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டீசலில் இது கொஞ்சம் குறைவு.

இவ்வளவு வேகத்தில் சுற்றும் தண்டைப் பெரும்பாலான கார்களில் தாங்கிப் பிடிப்பது மெல்லிய ஆயில் படலம்தான். தண்டு பேரிங்கைத் தொடாமல் ஆயிலில் மிதந்தபடி சுற்றுகிறது. உராய்வைக் குறைப்பதும், சூட்டின் ஒரு பகுதியை எடுத்துச் செல்வதும் அதே ஆயில்தான்.

வார்ம் அப், கூல் டவுன் என்பதெல்லாம் இந்த ஆயிலைக் காப்பாற்றும் வேலை. ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் வந்து சேர வேண்டும். நிறுத்தும்போது ஆயில் கருகாமல் இருக்க வேண்டும்.

காலையில் எவ்வளவு நேரம் ஓடவிடுவது?

இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் பெரும்பகுதி கீழே இறங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்த சில விநாடிகளில் பம்ப் அதை டர்போவரை ஏற்றிவிடும். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை உறுமவிடக் கூடாது. பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, கேட்டைத் தாண்டுவதற்குள் 10 முதல் 30 விநாடி ஓடிவிடும். அது போதும்.

அஞ்சு நிமிஷம் வேண்டாமா? வேண்டாம். ஓடைப்பட்டி போன்ற ஊரில் அதற்குத் தேவையில்லை.

அந்தப் பழக்கம் ஐரோப்பா, அமெரிக்காவின் பனிப் பிரதேசங்களில் இருந்தும், பழைய கார்புரேட்டர் வண்டிகளின் காலத்தில் இருந்தும் வந்தது. மைனஸ் 20 டிகிரியில் ஆயில் தேன் போலக் கெட்டியாகிவிடும். சின்னமனூர், ஓடைப்பட்டிப் பக்கம் மார்கழி அதிகாலையில்கூட குளிர் பெரும்பாலும் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இன்றைய ஆயிலுக்கு அது பெரிய குளிரே இல்லை.

அதைவிட முக்கியமான விஷயம்: நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் சீக்கிரம் சூடாகாது. பாரம் இல்லாததால் எரியும் எரிபொருள் குறைவு, பிறக்கும் சூடும் குறைவு. குளிர்ந்த பெட்ரோல் இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதல் பெட்ரோலைக் கொடுக்கும். அதில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும். இன்ஜினுக்கு நல்லது என்று நினைத்துச் செய்வது அதற்கே எதிராக முடிகிறது.

செலவும் இருக்கிறது. நின்றபடி ஓடும் சின்ன இன்ஜின் ஒரு மணி நேரத்துக்குக் குத்துமதிப்பாக 0.6 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். தினமும் காலையில் 5, மாலையில் 5 என 10 நிமிடம் ஓடவிட்டால் மாதம் 3 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று பார்த்தாலும் மாதம் 300 ரூபாய் நின்ற இடத்திலேயே புகையாகப் போகிறது.

ஒரு எச்சரிக்கை: ஷட்டர் போட்ட ஷெட்டிலோ, மூடிய போர்ட்டிகோவிலோ வண்டியை ஓடவிட்டு 'சூடேற்றுவது' ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அது உயிரை எடுக்கும்.

அப்படியென்றால் வார்ம் அப் தேவையே இல்லையா?

தேவை. ஆனால் அதை ஓட்டிக்கொண்டே செய்ய வேண்டும்.

கிளம்பிய முதல் 5 முதல் 8 கிலோமீட்டர் வரை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்காமல், பெட்ரோல் என்றால் சுமார் 2,500, டீசல் என்றால் 2,000 சுற்றுகளை ஒட்டி ஓட்டினால் இன்ஜின், ஆயில், டர்போ, கியர்பாக்ஸ் எல்லாம் சேர்ந்து சூடாகும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டேஷ்போர்டில் உள்ள வெப்பமானி காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ஆயிலின் சூட்டை அல்ல. முள் நடுவுக்கு வந்தபிறகும் ஆயில் முழுச் சூட்டுக்கு வர இன்னும் சில நிமிடம் ஆகும். சில கார்களில் முள்ளே கிடையாது, இன்ஜின் குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு மட்டும் எரியும். அது அணைந்ததும் 'இனி விரட்டலாம்' என்று அர்த்தமில்லை. இன்னும் ஐந்து நிமிடம் பொறுக்கலாம்.

எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பது இங்கே முக்கியம்

விதையில்லா திராட்சைக்குப் பேர்போன ஓடைப்பட்டியில் இருந்து மேகமலைக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தென்பழனி வனத்துறைச் சோதனைச் சாவடியை எட்டும்வரை கிடைக்கும் சமவெளி ரோடே வார்ம் அப் ஆகிவிடும். 18 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும்போது ஆயில் தயாராக இருக்கும்.

லோயர் கேம்ப்பில் இரவு தங்கிவிட்டு அதிகாலையில் குமுளிக்கு ஏறுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஸ்டார்ட் செய்த சில நிமிடத்தில் ஏற்றம். ஆயில் இன்னும் சூடாகவில்லை, டர்போ மட்டும் முழு வேகத்தில் சுற்ற வேண்டும். இப்படி மலையடிவாரத்தில் இருந்து நேராக ஏறுபவர்கள் மட்டும் ஓரிரு நிமிடம் கூடுதலாக ஓடவிடலாம். அதைவிட நல்லது, முதல் சில வளைவுகளை அவசரப்படாமல், சின்ன கியரில், பாதி ஆக்சிலரேட்டரில் ஏறுவது.

சின்ன கியர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மைலேஜ் கிடைக்கும் என்று பெரிய கியரில், 1,200, 1,300 சுற்றில் வண்டியைத் திணறத் திணற ஏற்றுவது டர்போ பெட்ரோலுக்கு ஆகாது. குறைந்த சுற்றில் அதிக அழுத்தம் சேரும்போது, எரிய வேண்டிய நேரத்துக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. அந்த அடி பிஸ்டனையே உடைக்கக்கூடியது.

மலையில் டர்போவுக்கு ஏன் அதிக வேலை?

மேகமலை கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட சுமார் 15 சதவீதம் வரை குறைவு. டர்போ இல்லாத வண்டி ஏறக்குறைய அதே அளவுக்கு இழுவையை இழக்கும். டர்போ வண்டி பெரிதாக இழக்காது. மெலிந்த காற்றை இன்னும் வேகமாகச் சுற்றி, அழுத்தி, அது ஈடுகட்டிவிடும்.

மலை ரோட்டில் டர்போ கார் சுகமாக ஏறுவதன் ரகசியம் இதுதான். அந்த சுகத்துக்கான உழைப்பு முழுக்க டர்போவின் தலையில் விழுகிறது. ஆறு பேர், மேலே லக்கேஜ், ஏசி, தொடர் ஏற்றம் என்று சேர்ந்தால், பாதி மலையிலேயே டர்போவின் இரும்புக்கூடு கொதிக்கத் தொடங்கும்.

மேலே போய் உடனே ஆஃப் செய்தால் என்ன ஆகும்?

தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்தாலும் கல் உடனே ஆறாது. அதில் தேங்கிய எண்ணெய் கருகி, அடையாக ஒட்டிக்கொள்ளும். டர்போவுக்குள் நடப்பதும் இதுதான்.

இன்ஜின் ஓடும்வரை ஆயில் வந்து போய்க்கொண்டே இருக்கும். சூட்டையும் எடுத்துப் போகும். ஆஃப் செய்த நொடியில் ஆயில் பம்ப் நிற்கிறது, வழக்கமான வாட்டர் பம்பும் நிற்கிறது. ஆனால் கொதிக்கும் டர்பைன் கூட்டில் இருந்து சூடு தண்டு வழியாக நடுவில் உள்ள பேரிங்குக்குப் பாயும். அங்கே தேங்கி நிற்கும் கொஞ்சம் ஆயில் கருகிக் கரியாகும்.

ஒருநாள் இப்படிச் செய்தால் ஒன்றும் ஆகாது. வாரம் நாலு தடவை, வருடக்கணக்கில் செய்தால் கரி சேர்ந்து ஆயில் வரும் சின்னத் துவாரம் அடைபடும். பேரிங் தேயும். தண்டு ஆடும். கடைசியில் டர்போ போய்விடும். காருக்கு கார் விலை மாறும் என்றாலும், புது டர்போவின் செலவு பத்தாயிரங்களில் பேசப்படுவது.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். நிறுத்துவதற்கு முன் ஆக்சிலரேட்டரை ஒருமுறை 'வ்ரூம்' என்று மிதித்துவிட்டுச் சாவியைத் திருப்புவது பழைய டிரைவர்கள் பலருக்குக் கைவந்த பழக்கம். டர்போ வண்டியில் இதைவிடக் கெடுதல் கிடையாது. டர்போவை வேகமாகச் சுற்றவிட்டு, அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஆயிலை நிறுத்துவதற்குச் சமம்.

புது கார்களில் இந்தப் பிரச்சினை இல்லை என்கிறார்களே?

பெரும்பகுதி உண்மை. பழைய டர்போக்களை ஆறவைக்க ஆயில் மட்டும்தான் இருந்தது. அதனால்தான் அந்தக் கால டிரைவர்கள் கட்டாயமாகக் காத்திருந்தார்கள். சாவியை எடுத்த பிறகும் இன்ஜினை ஓரிரு நிமிடம் ஓடவைக்கும் 'டர்போ டைமர்' என்ற கருவியைத் தனியாக வாங்கி மாட்டியவர்களும் உண்டு.

இன்றைய பெட்ரோல் டர்போக்களில் பேரிங் பகுதியைச் சுற்றி கூலன்ட் ஓடுகிறது. இன்ஜின் நின்றபிறகும் சூடான கூலன்ட் மேலேறி, குளிர்ந்தது கீழிறங்கி, தானாகவே கொஞ்ச நேரம் சுழலும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் 1 லிட்டர் டிஎஸ்ஐ போன்ற இன்ஜின்களில் இதற்கென்று தனி மின்சார பம்பே உண்டு. வண்டியைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் பானெட்டுக்குள் மெல்லிய ரீங்காரமோ ஃபேன் சத்தமோ கேட்டால் பதற வேண்டாம். அது தன்னை ஆற்றிக்கொள்கிறது.

ஆயிலும் மேம்பட்டிருக்கிறது. இன்றைய செயற்கை ஆயில்கள் பழைய ஆயிலைவிட அதிகச் சூட்டைக் கருகாமல் தாங்கும்.

ஆனாலும், வேகமாக ஓட்டிய பிறகு அல்லது மலை ஏறிய பிறகு உடனே ஆஃப் செய்யாமல் சிறிது நேரம் ஓடவிடச் சொல்லும் குறிப்பு பல டர்போ கார்களின் கையேட்டில் இன்றும் இருக்கிறது. கார் வாங்கிய நாளில் கையுறைப் பெட்டிக்குள் வைத்து மூடிய புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு எத்தனை விநாடி என்று அதில் போட்டிருந்தால், அதுதான் கடைசி வார்த்தை.

எந்த ரோட்டில் எவ்வளவு நேரம்?

கம்பம் பள்ளத்தாக்கு ரோடுகளை வைத்துப் பார்த்தால் கணக்கு எளிது.

ஊருக்குள் ஓட்டம்: ஓடைப்பட்டியில் இருந்து சின்னமனூர் சந்தை, பள்ளிக்கூடம், தோட்டம் என்று சாதாரண வேகத்தில் போய் வந்தால் காத்திருக்கவே வேண்டாம். கடைசித் தெருவில் மெதுவாக வருவதே கூல் டவுன்.

தேனி, கம்பம் நெடுஞ்சாலை: நல்ல வேகத்தில் வந்து டீக்கடையில் சட்டென்று ஒதுக்கினால் 30 விநாடி முதல் ஒரு நிமிடம். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்திருந்தால் அதுவும் தேவையில்லை.

போடிமெட்டு: போடியில் இருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றம் முடிகிற இடத்திலேயே சோதனைச் சாவடியும் டீக்கடைகளும். ஏறிய வேகத்தில் நிறுத்தி ஆஃப் செய்ய வாய்ப்பு அதிகமுள்ள இடம் இது. இங்கே ஒன்று முதல் இரண்டு நிமிடம் அவசியம்.

கம்பம் மெட்டு: சபரிமலை சீசனில் நெரிசலைக் குறைக்க, போகும் வண்டிகளைக் கம்பம் மெட்டு வழியாக ஏற்றி, திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாக இறக்கிவிடும் ஒருவழி ஏற்பாடு நடக்கும். வண்டி நிறைய ஆள், தலைக்கு மேல் லக்கேஜ், ஊர்ந்து ஏறும் வரிசை. நடுவில் எங்காவது வண்டி நின்றால் உடனே ஆஃப் செய்யாமல் ஒரு நிமிடம் பொறுங்கள். நிறுத்தம் நீண்டால் பிறகு ஆஃப் செய்யலாம்.

மேகமலை: வளைவுகள் முடிந்து தேயிலைத் தோட்ட ரோட்டில் மெதுவாகப் போகும்போதே டர்போ பெருமளவு ஆறிவிடும். ஆபத்து, நடுமலையில் வியூ பாயின்ட்டில் செல்ஃபி எடுக்க நிறுத்தும்போதுதான். குடும்பம் இறங்கி படம் எடுக்கும் முதல் ஒரு நிமிடம் இன்ஜின் ஓடட்டும்.

மலை இறக்கம்: இங்கேதான் நிறைய பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். இறக்கத்தில் கியரில் வரும்போது ஆக்சிலரேட்டரில் கால் இல்லை. பெரும்பாலான நேரம் இன்ஜினுக்கு எரிபொருளே போகாது. வெறும் காற்றுதான் டர்போ வழியாகப் போகிறது. அடிவாரம் வரும்போது டர்போ ஏற்கெனவே ஆறியிருக்கும். வீட்டு வாசலில் மூணு நிமிஷம் ஓடவிடுவது வீண். இறக்கத்தில் கவலைப்பட வேண்டியது டர்போவைப் பற்றி அல்ல, பிரேக்கைப் பற்றி. ஏறிய அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் இறக்கவே கூடாது.

சிக்னலில் தானாக ஆஃப் ஆகும் வசதி?

பல புது கார்களில் சிக்னலில் நின்றதும் இன்ஜின் தானாக ஆஃப் ஆகி, கிளட்சை மிதித்தாலோ பிரேக்கை விட்டாலோ மீண்டும் ஸ்டார்ட் ஆகும். இன்ஜின் போதிய அளவு சூடாகாமல் இருந்தாலோ, வேறு சில நிபந்தனைகள் பொருந்தாவிட்டாலோ இந்த வசதி வேலை செய்யாது. ஊருக்குள் இதை அப்படியே விடலாம். மலை ஏறும்போது மட்டும், அதற்கான பட்டனை அழுத்தி நிறுத்திவைப்பது நல்லது. சோதனைச் சாவடியில் கொதிக்கக் கொதிக்க நின்ற உடனே இன்ஜின் அணைவதைத் தவிர்க்கலாம்.

டீசல் வண்டிக்கும் இதேதானா?

அடிப்படை ஒன்றுதான். பொலிரோ, ஸ்கார்பியோ, பிக்கப் என்று இந்தப் பகுதியில் ஓடும் இன்றைய டீசல் வண்டிகளில் டர்போ இருக்கிறது. டீசலின் புகைச்சூடு குறைவு என்பதால் கருகும் அபாயம் கொஞ்சம் குறைவு. ஆனால் திராட்சைப் பெட்டி அடுக்கிய பிக்கப்போ, ஆள் ஏற்றிய வண்டியோ மலை ஏறினால் அந்தச் சலுகையை பாரம் விழுங்கிவிடும்.

தேனி மாவட்டத்தில் இருந்து தினமும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் விடியற்காலையில் ஜீப்களில் இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். இந்த ஜீப்களில் ஓடிய பழைய டீசல் இன்ஜின்கள் பலவற்றில் டர்போ கிடையாது. ஸ்டார்ட் செய், ஏறு, நிறுத்து என்பது அவற்றுக்குச் சரியாக இருந்தது. அதே கை, அதே பழக்கத்தோடு டர்போ வண்டிக்கு மாறும்போதுதான் சிக்கல். ஒரு டர்போ போனால் அந்த டிரைவருக்குச் செலவு மட்டும் இல்லை. வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாளெல்லாம் வருமானமும் இல்லை.

பிஎஸ்6 டீசலில் இன்னொரு விஷயம். புகையில் உள்ள கரியைப் பிடித்துவைக்க டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அது நல்ல சூட்டில் ஓடினால்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். நின்ற இடத்தில் நீண்ட நேரம் ஓடவிட்டால் சூடு வராது, கரி மட்டும் சேரும். அதனால் டீசலில் தேவையில்லாமல் ஓடவிடுவது இரட்டை நஷ்டம்.

டர்போ பழுதாகிறது என்று எப்படித் தெரியும்?

• முன்பு இல்லாத விசில் அல்லது சைரன் போன்ற சத்தம்
• ஏற்றத்தில் இழுவை குறைவது
• சைலன்சரில் நீலப் புகை
• கீழே சொட்டாமலே ஆயில் அளவு குறைவது
• இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி குறைந்த சக்தியில் மட்டும் ஓடுவது

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மலைப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். கொண்டை ஊசி வளைவின் நடுவில், பின்னால் பஸ் வரும்போது இழுவை போவது சாதாரண விஷயம் அல்ல.

டீசலில் இதைவிட மோசமான ஒன்றும் அபூர்வமாக நடக்கும். டர்போவின் சீல் உடைந்து ஆயில் நேராக இன்ஜினுக்குள் போனால், அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு இன்ஜின் கட்டுக்கடங்காமல் உறுமும். சாவியை ஆஃப் செய்தாலும் நிற்காது. அப்படி நடந்தால் மேனுவல் வண்டியில் பிரேக்கை முழுதாக மிதித்து, பெரிய கியரைப் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினை அணைப்பதே வழி. நிற்கவில்லை என்றால் எல்லோரும் இறங்கி விலகிவிட வேண்டும். பானெட்டைத் திறந்து எட்டிப்பார்க்கக் கூடாது.

ஆயிலில் மிச்சம் பிடிக்கலாமா?

காத்திருக்கும் நிமிடங்களை எண்ணுவதைவிட முக்கியமானது ஆயில். கையேட்டில் சொன்ன தரம், சொன்ன கெட்டித்தன்மை, சொன்ன கிலோமீட்டருக்குள் மாற்றம். அடிக்கடி மலை ஏறும் வண்டி என்றால், கடினப் பயன்பாட்டுக்கு என்று கையேட்டில் தனியாகச் சொல்லியிருக்கும் குறைந்த இடைவெளியைப் பின்பற்றலாம். வாரம் ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய உடனேயோ, வண்டி பல நாள் நின்றபிறகோ ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு நிமிடம் முழுதாக ஓடவிடுங்கள். காலியான குழாய்கள் நிரம்ப அந்த நேரம் தேவை.

இன்னொன்று, மலை ஏறிய வண்டியைக் காய்ந்த புல், சருகு மேல் நிறுத்த வேண்டாம். வண்டிக்கு அடியில் உள்ள புகைக்குழாயும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அப்போது புல்லைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும். கோடையில் இந்த மலைகளில் தீ என்றால் என்ன என்பது, 2018 மார்ச்சில் குரங்கணியைப் பார்த்த தேனி மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மொத்தத்தில்...

காலையில் அரை நிமிடம், முதல் சில கிலோமீட்டர் நிதானம். ஏற்றம் முடிந்ததும் ஒன்று அல்லது இரண்டு நிமிடம். இறங்கி வந்தால் நேராக ஆஃப். சரியான ஆயில், சரியான நேரத்தில். இவ்வளவுதான் டர்போ கேட்பது.

ஷோரூமில் சொன்னதும் ஊரில் சொன்னதும் முரண்பட்டால், அன்றைக்கு எந்த ரோட்டில் வந்தீர்கள் என்று பாருங்கள். சின்னமனூரில் இருந்து வந்திருந்தால் ஷோரூம்காரர் சொன்னது சரி. போடிமெட்டு ஏறி நின்றிருந்தால் ஊர் டிரைவர் சொன்னது சரி.